மீட்பு நிச்சயமா? புனித ழான் தார்க் தந்த பதில்

(வானொலி மறையுரை)



சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இன்றைய சிந்தனையைத் தொடங்குகிறேன். மாலைத் திருப்பலி முடிந்து, கோவில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு சகோதரி பக்கவாசலில் தயங்கியபடி நின்றுகொண்டிருந்தார். மூன்று மாதங்களுக்கு முன்புதான் அவருடைய தாயாரை உப்பளம் கல்லறையில் அடக்கம் செய்திருந்தோம். நினைவுத் திருப்பலிக்கு நாள் குறிக்க வந்திருப்பார் என்று நினைத்தேன்.

“சாமி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க” என்றார்.

“கேளுங்கம்மா.”

“என்கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, வேற சபைக்குப் போறவங்க. நல்லவங்க சாமி. அம்மா செத்தப்போ ரெண்டு நாள் எங்க வீட்லயே இருந்தாங்க. அவங்க நேத்து கேட்டாங்க, ‘உங்க அம்மா இரட்சிக்கப்பட்டவங்களா, அவங்களுக்கு அந்த நிச்சயம் இருந்துச்சா’ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அம்மா சாகுறவரைக்கும் கோயிலுக்குப் போனாங்க. ஆனா ஒரு நாள்கூட ‘நான் இரட்சிக்கப்பட்டுட்டேன்’னு அவங்க வாயால சொன்னதில்ல. அப்போ அவங்க எங்க இருக்காங்க சாமி? நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.”

இந்தச் சகோதரியின் கேள்வி அவருடையது மட்டுமல்ல. பேருந்தில், பணியிடத்தில், மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில், “நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?” என்று உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். பலர் கோபப்படுகிறோம். சிலர் பயந்துபோகிறோம். பெரும்பாலானோர் பேச்சை மாற்றிவிடுகிறோம். ஆனால் அது தவறான கேள்வி அல்ல. மீட்படைய நான் என்ன செய்ய வேண்டும் என்று பிலிப்பி நகரச் சிறைக்காவலர் பவுலிடமும் சீலாவிடமும் கேட்டார் (திப 16:30). இரட்சிப்பு என்று அவர்கள் சொல்வதும் மீட்பு என்று நாம் சொல்வதும் ஒன்றுதான். நம் தாத்தா பாட்டிமார் இரட்சணியம் என்றார்கள். எனவே இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருப்பது நம் கடமை.

கப்ஸ் கோவிலுக்கு எதிரே ஒரு சிலை

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் ஊர் கடற்கரைக்குப் போனால் போதும். துய்மா வீதியில் சம்மனசுகளின் இராக்கினி மாதா கோவில் இருக்கிறது. முற்காலத்தில் கப்புச்சின் துறவிகள் பணியாற்றியதால் அதைக் கப்ஸ் கோவில் என்கிறோம். இன்றைய கட்டடம் 1855-இல் முடிந்தது. அந்தக் கோவிலுக்கு எதிரே, கடற்கரைப் பக்கமாக, ஓர் இளம்பெண்ணின் பளிங்குச் சிலை நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வைக்கப்பட்ட சிலை. மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சிலர் அதை மாதா சுரூபம் என்றே நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதுண்டு.

அவர் புனித ழான் தார்க். பிற ஊர்களில் ஜோன் ஆஃப் ஆர்க் என்பார்கள். பிரான்சு நாட்டின் தொம்ரெமி என்ற கிராமத்தில், ஏறக்குறைய 1412-இல், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆங்கிலேயரின் பிடியிலிருந்து தன் நாட்டை விடுவிக்கக் கடவுள் தன்னை அழைக்கிறார் என்று நம்பிப் போர்க்களம் போனார். 1430-இல் பிடிபட்டார். ரூவான் நகரில் அவரை ஒரு திருச்சபை நீதிமன்றத்தின்முன் நிறுத்தினார்கள். ஆயர் பியேர் கோஷோன் தலைமை தாங்கினார். கற்றறிந்த இறையியலாளர்கள் பலர் சுற்றி அமர்ந்திருந்தார்கள். நடுவில் துணைக்கு ஆளில்லாமல், காலில் விலங்கோடு, பத்தொன்பது வயதுப் பெண்.

1431 பிப்ரவரி 24. அன்றைய விசாரணையில் அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?

கேள்வி எளிமையாகத்தான் தெரிகிறது. ஆனால் அது ஒரு கண்ணி. தெரியும் என்று சொன்னால், கடவுளின் தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்ளும் அகந்தைக்காரி என்று குற்றம் சாட்டலாம். நான் அருள்நிலையில் இல்லை என்று சொன்னால், அவளே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று முடித்துவிடலாம். அங்கே இருந்தவர்களில் ஒருவரே, இப்படிப்பட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லத் தேவையில்லை என்று குறுக்கிட்டாராம்.

ழான் பதில் சொன்னார். தாம் அருள்நிலையில் இல்லையென்றால் கடவுள் தம்மை அதில் கொண்டுவந்து சேர்க்கட்டும், இருந்தால் அதிலேயே தம்மைக் காத்துக்கொள்ளட்டும் என்றார். கடவுளின் அருளில் இல்லை என்று அறிய நேர்ந்தால் இந்த உலகத்திலேயே மிகவும் துயரமானவள் தாமாகத்தான் இருப்போம் என்றும் சொன்னார். கேள்வி கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள் என்று அங்கே பதிவெழுத்தராக இருந்த ஒருவர் பின்னாளில் சாட்சி சொன்னார்.

இந்தப் பதில் வெறும் சாமர்த்தியப் பேச்சு அல்ல. அதனால்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2005-ஆம் எண்ணில், அருளைப் பற்றி விளக்கும்போது இந்த ஏழைப் பெண்ணின் பதிலை எடுத்துக்காட்டுகிறது.

நிச்சயம் யாரிடம் இருக்கிறது?

ழான் தன்னைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லவில்லை, கடவுளைப் பார்த்துப் பதில் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். என் நிலை என்ன என்று கேட்டார்கள். அவரோ கடவுள் என்ன செய்வார் என்று சொன்னார். தன் நிலையைப் பற்றி ‘என்றால், என்றால்’ என்று இரண்டு முறை சொன்னவர், கடவுளைப் பற்றிச் சொல்லும்போது அப்படித் தயங்கவே இல்லை. தன்னைச் சேர்த்துக்கொள்ளவும் காத்துக்கொள்ளவும் கடவுள் இருக்கிறார் என்பதில் அவருக்குத் துளி ஐயமும் இல்லை.

நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், 1547 ஜனவரி 13-இல், திரிதெந்து பொதுச்சங்கம் இதே உண்மையை இறையியல் மொழியில் எடுத்துரைத்தது. கடவுளின் இரக்கத்தையோ, கிறிஸ்துவின் பேறுபலனையோ, அருளடையாளங்களின் ஆற்றலையோ எந்தக் கிறிஸ்தவரும் சந்தேகிக்கக் கூடாது. ஆனால் தன் பலவீனத்தைப் பார்க்கும் எவரும் தன் நிலையைக் குறித்து அஞ்ச இடமுண்டு. ஏனெனில், கடவுள் தனிப்பட்ட முறையில் வெளிப்படுத்தினாலன்றி, நான் அருள்நிலையில் இருக்கிறேன் என்பதை விசுவாசக் கோட்பாட்டை நம்புவதுபோல் பிழைக்கு இடமில்லாத உறுதியோடு யாரும் அறிய முடியாது. அதே சங்கம், கடவுளின் உதவியில் எல்லாரும் மிக உறுதியான எதிர்நோக்கு வைக்க வேண்டும் என்றும் கற்பித்தது. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

புனித பவுலைப் பாருங்கள். உரோமையருக்கு எழுதும்போது சாவோ வாழ்வோ வானதூதரோ எதுவுமே கிறிஸ்துவின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க முடியாது என்று முழங்குகிறார் (உரோ 8:38-39). அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தமக்கெதிராகத் தம் மனச்சான்று எதையும் சொல்லவில்லை என்றும், ஆனாலும் அதனால் தாம் குற்றமற்றவர் ஆகிவிடவில்லை என்றும், தீர்ப்பிடுபவர் ஆண்டவரே என்றும் சொல்கிறார் (1 கொரி 4:4). பவுல் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறாரா? இல்லை. முதலாவதில் அவர் கண்முன் நிற்பவர் கிறிஸ்து. இரண்டாவதில் அவர் பேசுவது தம்மைப் பற்றி. கிறிஸ்துவைக் குறித்து முழு நிச்சயம், தம்மைக் குறித்துத் தாழ்ச்சி.

எபிரேயர் திருமுகம் எதிர்நோக்கை நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது (எபி 6:19). கடலோரத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைத்திக்குப்பத்து மீனவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். நங்கூரம் போட்டாலும் படகு ஆடத்தான் செய்யும். ஆனால் அடித்துக்கொண்டு போகாது. காரணம், நங்கூரம் பிடித்திருப்பது படகை அல்ல, படகுக்கு வெளியே, கீழே இருக்கும் தரையை. நங்கூரத்தைப் படகுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அது வெறும் இரும்புச் சுமை. நம் நிச்சயத்தை நம் உணர்ச்சியிலும் நம் செபத்திலும் நம் நற்செயலிலும் மாட்டி வைத்தால் அதுவும் அப்படித்தான். அது கடவுளின் உண்மைத்தன்மையில் பதிந்திருக்க வேண்டும்.

படகின் இரண்டு பக்கமும் ஆபத்து

எதிர்நோக்குக்கு எதிரான பாவங்கள் இரண்டு என்று நம் மறைக்கல்வி சொல்கிறது. ஒன்று அவநம்பிக்கை. கடவுளால்கூட என்னை மன்னிக்க முடியாது என்று கைவிட்டுவிடுவது. மற்றொன்று மிதமிஞ்சிய நம்பிக்கை. மனமாற்றம் இல்லாமலே மன்னிப்புக் கிடைத்துவிடும், கடவுளின் துணை இல்லாமலே நான் கரை சேர்ந்துவிடுவேன் என்று துணிவது.

மிதமிஞ்சிய நம்பிக்கை என்றதும் நம் மனம் உடனே பிற சபைச் சகோதரர்களைத்தான் சுட்டிக்காட்டும். முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். தொடர்ந்து ஒன்பது முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வாங்கிவிட்டேன், இனிமேல் மோட்சம் உறுதி என்று சொல்லிக்கொண்டு, சொந்தத் தம்பியோடு சொத்துத் தகராறில் பத்து ஆண்டுகளாகப் பேசாமல் இருப்பவர் நம்மிடையே இல்லையா? திரு இருதய பக்தி மிக உயர்ந்தது. ஆண்டவரின் இதயத்தை நெருங்கி வாழ அது ஓர் அழைப்பு. அதைப் பணம் கட்டி வாங்கிய ரசீதுபோல் பத்திரப்படுத்தி வைப்பது பக்தி ஆகாது. வில்லியனூர் மாதாவிடம் கால்நடையாகப் போனேன் என்பதும், பீடத்துக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தேன் என்பதும் அப்படித்தான். ஆண்டவரே, ஆண்டவரே என்று அழைக்கிறவரெல்லாம் விண்ணரசுக்குள் போவதில்லை, தந்தையின் விருப்பப்படி செய்கிறவரே போவார் என்று இயேசு எச்சரித்தார் (மத் 7:21). அந்த எச்சரிக்கை எல்லாருக்கும்தான்.

மறுபக்கம் அவநம்பிக்கை. இது பெரும்பாலும் பக்தியுள்ளவர்களையே பிடிக்கும். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியிலேயே, எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா என்று கலங்கி மறுபடியும் வரிசையில் வந்து நிற்பவர்கள் உண்டு. இளவயதில் செய்த ஒரு பாவத்தை நாற்பது ஆண்டுகளாக மனத்தில் சுமந்துகொண்டு, நற்கருணை வாங்கவே அஞ்சுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் திருத்தூதர் யோவான் சொல்லும் ஆறுதல் ஒன்று இருக்கிறது: நம் இதயம் நம்மைக் குற்றம் சாட்டினாலும், கடவுள் நம் இதயத்தைவிடப் பெரியவர், அவருக்கு எல்லாம் தெரியும் (1 யோவா 3:20). கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்பது பயமுறுத்தும் செய்தி என்றே பழகிவிட்டோம். யோவானோ அதை ஆறுதலாகச் சொல்கிறார். நம் பாவம் மட்டுமல்ல, நம் கண்ணீரும் அவருக்குத் தெரியும்.

முடிந்துவிட்டதா, இனிமேல்தானா?

இப்போது, ‘நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா’ என்று கேட்கிறவருக்கு எப்படிப் பதில் சொல்வது? திருவிவிலியம் மீட்பைப் பற்றி மூன்று காலத்திலும் பேசுகிறது. அருளாலே நாம் மீட்கப்பட்டிருக்கிறோம் என்கிறது எபேசியர் திருமுகம் (எபே 2:8). மீட்புப் பெற்றுவரும் நமக்குச் சிலுவை கடவுளின் வல்லமை என்கிறது கொரிந்தியர் திருமுகம் (1 கொரி 1:18). இனி மீட்கப்படுவோம் என்கிறது உரோமையர் திருமுகம் (உரோ 5:9).

நடுக்கடலில் தத்தளிக்கும் ஒருவரைப் படகில் வந்தவர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காப்பாற்றப்பட்டாரா? ஆம், தண்ணீரிலிருந்து தூக்கியாகிவிட்டது. காப்பாற்றப்பட்டுவருகிறாரா? ஆம், படகு கரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. காப்பாற்றப்படுவாரா? ஆம், கரையில் கால் வைக்கும்போது அது நிறைவடையும். படகோட்டி அவரைப் பிடித்துக் கடலில் தள்ளப் போவதில்லை. ஆனால் அவரே எட்டிக் குதித்தால் யாரும் கட்டி வைக்கப் போவதுமில்லை. திருமுழுக்கு நம்மைத் தூக்கியெடுத்த கை. திருச்சபையும் அருளடையாளங்களும் நம்மைக் கொண்டுபோகும் படகு. விண்ணகம் கரை.

ஆகவே அந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்லலாம்: “ஆம், இயேசு எனக்காகச் சிலுவையில் இறந்து என்னை மீட்டார். திருமுழுக்கில் நான் அவருடைய பிள்ளையானேன். இன்றும் அவர் என்னைக் காத்துவருகிறார். இறுதிவரை என்னைக் கொண்டுசேர்ப்பார் என்று எதிர்நோக்குகிறேன். நான் அவருடைய கையை விட்டுவிடாமல் இருக்க எனக்காகச் செபியுங்கள்.” இதைச் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். சண்டை வேண்டாம். செபியுங்கள் என்று கேட்டால் அந்தச் சகோதரரும் மகிழ்ச்சியாகவே செபிப்பார்.

பிரிந்திருந்தவர்கள் சேர்ந்து சொன்னது

நம் புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர், சிதம்பரம் தாண்டினால் தரங்கம்பாடி. 1706-இல் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். அவர் வழியாகத் தமிழ் மண்ணில் லுத்தரன் சபை வேரூன்றியது. மார்ட்டின் லூத்தரின் உள்ளத்தை வாட்டிய கேள்வியும் இதுதான்: கடவுள் என்னை ஏற்றுக்கொள்வாரா, அதை நான் எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் அன்று இரு தரப்பினரும் ஒருவரையொருவர் கண்டனம் செய்துகொண்டார்கள்.

1999 அக்டோபர் 31-ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும், மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. தரங்கம்பாடியில் பிறந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்ததே. மீட்பின் நிச்சயம் பற்றி அந்த அறிக்கையில் ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: கடவுளின் இரக்கத்தையும் கிறிஸ்துவின் பேறுபலனையும் யாரும் சந்தேகிக்கக் கூடாது. தன் குறைகளைப் பார்க்கும்போது ஒருவருக்குத் தன் மீட்பைப் பற்றிக் கவலை எழலாம். அப்போதும் தான் மீட்படைய வேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்று அவர் உறுதியாக இருக்கலாம். நானூறு ஆண்டுகளுக்கும் மேல் தகராறு செய்தவர்கள் ஒன்றாக வந்து நின்ற இடம், ரூவான் நகரில் ழான் நின்ற அதே இடம்.

அப்படியானால் அறிகுறியே இல்லையா?

இருக்கின்றன. மரத்தை அதன் கனியால் அறியலாம் என்றார் ஆண்டவர். அருள் காற்றைப் போன்றது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது வீசும் இடத்தில் இலை அசையும். சகோதர அன்பு கொண்டிருப்பதால் சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்துவிட்டோம் என்று அறிகிறோம் என்கிறார் யோவான் (1 யோவா 3:14). உங்கள் வீட்டில் முதியவரைச் சலிக்காமல் கவனித்துக்கொள்கிறீர்களா? உங்களைக் காயப்படுத்தியவருக்காக ஓர் அருள்நிறைந்த மந்திரமாவது சொல்ல முடிகிறதா? விழுந்தாலும் எழுந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வர மனம் தேடுகிறதா? இவை கடவுள் உங்களுக்குள் வேலை செய்கிறார் என்பதற்கு அடையாளங்கள். பெருமையடிக்க அல்ல, நன்றி சொல்ல.

விழுந்தாலும் என்று சொன்னேன். ழானும் விழுந்தார். இதைப் பலர் அறிவதில்லை. அந்த அழகான பதிலைச் சொன்ன மூன்று மாதத்தில், 1431 மே 24 அன்று, தீக்குப் பயந்து, தம் அழைப்பையே மறுதலிக்கும் தாளில் அடையாளமிட்டார். நான்கு நாள் கழித்து, உயிருக்குப் பயந்து அப்படிச் செய்தது தவறு என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதனால் சாவு உறுதி என்று தெரிந்தேதான் சொன்னார். மே 30 காலையில் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை உட்கொண்டார். சிலுவை வேண்டுமென்று கேட்டபோது ஓர் ஆங்கிலேயப் படைவீரர் குச்சிகளைக் கட்டிச் சின்னச் சிலுவை செய்து கொடுத்தார். ஒரு துறவி அருகிலிருந்த கோவிலிலிருந்து பாடுபட்ட சுரூபத்தை எடுத்துவந்து அவர் கண்ணெதிரே உயர்த்திப் பிடித்தார். இயேசுவின் பெயரைச் சொல்லிச் சொல்லியே உயிர் விட்டார்.

தன்மேல் நம்பிக்கை வைத்திருந்தால், அந்த மே 24-ஆம் தேதியோடு அவர் முடிந்துபோயிருப்பார். கடவுள்மேல் வைத்திருந்ததால்தான் எழுந்துவர முடிந்தது. அருளில் இல்லையென்றால் என்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று அவர் சொன்னதைக் கடவுள் அப்படியே செய்தார். 1456-இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று திருச்சபை அறிவித்தது. 1920 மே 16-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக உயர்த்தினார். தீர்ப்பிடுபவர் ஆண்டவரே என்று பவுல் சொன்னது எவ்வளவு உண்மை! ரூவான் நீதிமன்றம் தவறியது. ஆண்டவரின் நீதிமன்றம் தவறவில்லை.

நம் இறந்தோர்

இறந்துபோன நம் அன்புக்குரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சபை சிலரைப் புனிதர் என்று அறிவிக்கிறது. ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அது பெயர் சொல்லி அறிவித்ததில்லை. நரகம் உண்டு என்று போதிக்கும் திருச்சபை, அதில் யார் என்று சொல்லும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. நாமும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திடீரென்று இறந்தவர், தற்கொலை செய்துகொண்டவர், கோவிலை விட்டு விலகியிருந்தவர் யாராயினும், கடைசி நொடியில் அவருக்கும் கடவுளுக்கும் இடையே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஒரு வாக்கியம் பேசத்தான் நேரம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது (லூக் 23:42-43). அதனால்தான் நவம்பர் 2-ஆம் நாள் உப்பளத்தில் கல்லறைகளைக் கழுவி, பூவைத்து, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். கடவுளின் இரக்கம் அவர்களைத் தூய்மைப்படுத்தி நிறைவுக்குக் கொண்டுபோகும் என்ற எதிர்நோக்கு இல்லையென்றால், அந்த மெழுகுதிரிக்குப் பொருளே இல்லை.

இன்னொன்றும் வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் யாரேனும் கடும் நோயுற்றால், பயந்துபோவார் என்று சொல்லிக் குருவானவரை அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். நோயில்பூசுதல் சாவின் அறிவிப்பு அல்ல. ழானின் கண்முன் அந்தத் துறவி சிலுவையைத் தூக்கிப் பிடித்ததைப்போல, நோயாளியின் கண்முன் கிறிஸ்துவைத் தூக்கிப் பிடிப்பது அது. நினைவு இருக்கும்போதே அழையுங்கள். பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லுங்கள். மரியன்னையிடம் நாம் இரண்டே வேளைகளுக்காக மன்றாடுகிறோம். ஒன்று இப்போது. மற்றொன்று இறப்பின் வேளை. அந்த இரண்டும் ஒருநாள் ஒன்றாகிவிடும்.

அந்தச் சகோதரிக்குச் சொன்னது

பக்கவாசலில் நின்ற அந்தச் சகோதரியிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்.

“அம்மா ராத்திரி படுக்கும்போது என்ன செபம் சொல்லுவாங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “செபமாலை சொல்லுவாங்க. அப்புறம் பாயில படுத்துக்கிட்டு, ‘சேசுவே, நான் பாவி, என்னைக் கைவிட்டுடாதே’ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்குவாங்க. சின்ன வயசுலேர்ந்து அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் தூங்குவேன்.”

“கடைசி நாள்லயும் சொன்னாங்களா?”

“பேச்சு வரல சாமி. நான்தான் அவங்க காதுல சொன்னேன். உதடு அசைஞ்சுது.”

அப்போது அவரிடம் சொன்னேன்: “உங்க அம்மா ஒரு நாளும் ‘நான் இரட்சிக்கப்பட்டுட்டேன்’னு சொல்லல. உண்மைதான். ஆனா தினமும் இரட்சகரையே கூப்பிட்டாங்க. தன்னைப் பத்திப் பேசும்போது பாவின்னு சொன்னாங்க. அவரைப் பத்திப் பேசும்போது கைவிடமாட்டார்னு நம்பினாங்க. இதைவிடப் பெரிய நிச்சயம் ஒரு கிறிஸ்தவருக்கு இல்லம்மா. அந்த அக்கா மறுபடியும் கேட்டா, இதையே சொல்லுங்க. அவங்க ரெண்டு நாள் உங்ககூட இருந்ததுக்கு நானும் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் நினைவுத் திருப்பலிக்கு நாள் கேட்டார்.

அன்பார்ந்தவர்களே, இன்றோ நாளையோ கடற்கரைப் பக்கம் போனால், கப்ஸ் கோவிலுக்கு எதிரே உள்ள அந்தச் சிலைமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர் சொன்ன பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு படுக்கும்முன், உங்கள் பாவங்களின் கணக்கையும் புண்ணியங்களின் கணக்கையும் மூடிவைத்துவிட்டு, இயேசுவின் முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்:

ஆண்டவரே இயேசுவே, என் உள்ளம் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. உமக்குத் தெரியும். நான் உம்மை விட்டு விலகியிருந்தால் இந்த இரவே என்னைத் தேடி வாரும். உம்மோடு இருந்தால் என்னை விட்டுவிடாதேயும். எனக்கு முன் உறங்கிப்போனவர்களையும் உம் கையில் ஒப்படைக்கிறேன். என்மேல் அல்ல, உம்மேல்தான் என் நம்பிக்கை. ஆமென்.